அக்கா நிலத்து வானிலைக் கம்பம்

1

போன வருஷம் மே மாதம் இதே வாரத்தில், பாகலூருக்குப் பக்கத்தில் என் அக்கா வைத்திருந்த ரோஜாப் பாலிஹவுஸைக் காற்று பிய்த்துப் போட்டது. இரும்புக் குழாய் வளைவுகளின் மேல் பிளாஸ்டிக் தாள் போர்த்தி, இரண்டு பக்கமும் சுருட்டி ஏற்றவும் இறக்கவும் படுதா வைத்த கூடாரம் அது. ஓசூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒன்று மட்டும் சொல்லவேண்டும். வெயில் நேரத்தில் படுதாவை ஏற்றி வைக்காவிட்டால் உள்ளே செடி வெந்துபோகும். ஏற்றி வைத்திருக்கும்போது பெருங்காற்று வந்தால், அது பக்கவாட்டில் நுழைந்து கூரையை அடியிலிருந்து தூக்கிவிடும். ஏற்றுவதா, இறக்குவதா என்பதுதான் கோடை முழுக்க அக்காவின் கவலை.

அன்று ஊரில் காலை பதினோரு மணி. ஜெர்மனியில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அக்காவின் குரல் செய்தி வந்தது.

"சீனு, வெயிலு கொளுத்துது. படுதாவ ஏத்தி உட்டுட்டேன். சாயங்காலம் காத்து கீத்து வருமா? வர்ற மாதிரி இருந்தா இப்பவே சொல்லு, எறக்கிக் கட்டிடறேன்."

வானிலையைக் கணிப்பதுதான் என் தொழில். அன்றைய கணிப்புப் படங்களைத் திறந்து பார்த்தேன். சுத்தமாக இருந்தது. "வராதுக்கா. தைரியமாத் தொறந்து வை" என்று சொல்லிவிட்டு டிராம் பிடிக்க ஓடினேன்.

நாலரை மணிக்குக் காற்று வந்தது.

கணிப்பு தவறுவது எங்கள் தொழிலில் அன்றாடம் நடப்பது. அதற்காக யாரும் உட்கார்ந்து எழுதமாட்டார்கள். நான் எழுதுவது வேறு ஒன்றுக்காக. இந்த வாரம்தான் அதை அக்காவிடம் சொன்னேன். சொன்ன பிறகு லேசாகிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை.

2

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா கல் குவாரியில் வேலை செய்தார், அம்மா களை பறித்தார். அக்கா மஞ்சுளா எட்டாவதோடு நின்று ரோஜாப் பண்ணைக்குக் கூலிக்குப் போனாள். நான் கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போனேன், பிறகு பெங்களூரு, பிறகு ஆராய்ச்சிப் பட்டம். ஒரே பஸ் கட்டணத்தில் ஒருவர்தான் போகமுடியும் என்கிற மாதிரியான ஏற்பாடு. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை. அப்படி ஆகிவிட்டது.

ஒருமுறை ஊருக்குப் போயிருந்தபோது அக்கா கேட்டாள்.

"கேக்கறவங்களுக்கெல்லாம் தம்பி மழ ஆபீசுன்னு சொல்றேன். அங்க நீ இன்னாதான் பண்ற?"

"கம்ப்யூட்டர் ஒரு கணக்குப் போட்டு, இப்ப உங்க ஊர்ல இவ்ளோ சூடு, இவ்ளோ காத்துன்னு சொல்லும்க்கா. ஊர்ல இருக்கற கருவி, இல்ல இவ்ளோன்னு வேற ஒண்ணு சொல்லும். ரெண்டும் ஒத்துப்போவாது. யாரை எவ்ளோ நம்பறதுன்னு பாத்து, ரெண்டையும் கலக்கணும். கலந்து வர்றதுல இருந்துதான் நாளைக்கி கணிப்பே ஆரம்பிக்கும். அந்தக் கலக்கற வேல என்னுது."

"பஞ்சாயத்து பண்றேன்னு சொல்லு."

"கிட்டத்தட்ட."

"அதுக்கா இத்தன வருசம் படிச்ச? நம்மூர்ல மூணாவது படிச்சவன் பண்றான்."

அக்காவின் கணவர் கோவிந்தராஜ் மாமா பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தார். "உன் தம்பி மழ இல்லன்னு சொன்னா நான் கொடைய எடுத்துக்கறேன்" என்றார். அது அவர் வழக்கமாகச் சொல்வது.

இந்தக் கலக்கலுக்குத் தரவு உள்வாங்கல் என்று பெயர். இதில் ஒரு முக்கியமான காரியம் உண்டு. ஒரு கருவி திரும்பத் திரும்பக் கணக்கோடு ஒத்துப்போகாவிட்டால், அதன் மேல் சந்தேகம் வரும். கருவி பழுதா, வைத்த இடம் சரியில்லையா என்று பார்ப்போம். தீராவிட்டால் நிராகரிப்புப் பட்டியலில் சேர்த்துவிடுவோம். அதற்குப் பிறகும் அந்தக் கருவி அனுப்புகிற அளவீடு வந்துகொண்டுதான் இருக்கும். சேமிக்கப்படும். கணக்கு மட்டும் அதைத் திரும்பிப் பார்க்காது. கருவிக்கும் தெரியாது, அதை வைத்திருப்பவருக்கும் தெரியாது.

3

நாலு வருஷத்துக்கு முன் ஒரு கூட்டு ஆராய்ச்சித் திட்டத்தில், மலைச் சரிவுள்ள விவசாய நிலங்களில் சின்னச் சின்ன தானியங்கி வானிலை நிலையங்கள் வைத்தார்கள். நம் பக்கத்தில் இடம் தேடினார்கள். நான் கையைத் தூக்கி "என் அக்காவின் நிலம் இருக்கிறது" என்றேன். ஆட்கள் வந்து பாலிஹவுஸுக்குப் பின்னால் திறந்த மூலையில் உயரமான ஒரு கம்பத்தை நட்டார்கள். உச்சியில் காற்றை அளக்கும் கிண்ணங்கள், நடுவில் சூரியத் தகடு, ஓரத்தில் மழையைப் பிடிக்கும் புனல்.

அக்கா அதற்கு முள்வேலி கட்டினாள். வாரம் ஒருமுறை ஏணி போட்டு ஏறி, சூரியத் தகட்டை ஈரத்துணியால் துடைத்தாள். புனலில் விழுந்த இலை, பூச்சி, காக்கை போட்டதையெல்லாம் எடுத்தாள். யாரும் அவளிடம் இதைச் செய்யச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் துடைத்த தகட்டைப் படமெடுத்து எனக்கு அனுப்புவாள். "பாரு, மூஞ்சி தெரியுது" என்று எழுதுவாள்.

பக்கத்து நிலத்து கன்னடக்காரர் ஒருவர் "ஏனம்மா இது, செல்போன் டவரா?" என்று கேட்டாராம். இவள் கன்னடத்திலேயே பதில் சொன்னாளாம்: இது என் தம்பியோடு பேசுகிற கம்பம், இங்கே காற்றடித்தால் அங்கே அவனுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அந்த மனிதர் தக்காளிக்கு மருந்து அடிக்கும் முன் அக்காவிடம் வந்து மழை கேட்டுவிட்டுத்தான் போவார். அக்கா என்னைக் கேட்பாள். நான் சொல்வேன். பாகலூரில் நாலைந்து குடும்பத்துக்கு நான் சொன்னால் மருந்து, சொல்லாவிட்டால் இல்லை.

இதையெல்லாம் அவள் போனில் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

4

இங்கே என் வாழ்க்கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் அடுத்து நான் செய்தது புரியாது.

என் வேலை இரண்டிரண்டு வருஷ ஒப்பந்தம். ஒப்பந்தத்தை வைத்துத்தான் தங்கும் அனுமதி. அனுமதியை வைத்துத்தான் வீட்டு வாடகைப் பத்திரம், மகளின் பாலர் பள்ளி, மனைவி கவிதாவின் வேலை விண்ணப்பம். ஒன்றை உருவினால் எல்லாம் சரியும். ஒவ்வொரு முறையும் வெளிநாட்டவர் அலுவலகத்தில் காலையிலேயே போய் வரிசையில் நிற்கவேண்டும். முதல்முறை பதிவு செய்தபோது பிறந்த ஊர் என்ன என்று கேட்ட அம்மாளுக்கு நான் சொன்ன ஊர் கணினியில் கிடைக்கவில்லை. எங்கே இருக்கிறது என்றார். பெங்களூருக்குப் பக்கம் என்றேன். பெங்களூரு என்று தட்டிவிட்டார். பின்னால் வரிசை நீண்டு நின்றது. நான் மறுக்கவில்லை. இந்த நகரத்தின் ஏட்டில் நான் இன்றுவரை பெங்களூரில் பிறந்தவன்.

பேச்சிலும் இப்படித்தான். நம்மூரில் "பாக்கலாம்" என்றால் இல்லை என்று அர்த்தம். இங்கே அப்படிச் சொன்னால் டைரியை எடுத்து, எந்தத் தேதி என்று கேட்கிறார்கள். ஆறு மாதம் வேண்டாத கூட்டங்களில் எல்லாம் உட்கார்ந்திருந்த பிறகுதான் எனக்கு இது விளங்கியது. கூட்டங்களில் மற்றவர்கள் சிரிப்பார்கள். எதற்கு என்று நான் யோசித்து முடிப்பதற்குள் பேச்சு வேறு இடத்துக்குப் போய்விடும். நான் தாமதமாகச் சிரிப்பேன். அல்லது சிரிக்காமல் குறிப்பேட்டில் எதையாவது எழுதுவேன். மூன்று வருஷம் அந்த மேசையில் நான் ஒரு நல்ல உழைப்பாளி. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

மகள் மகிழுக்கு இப்போது ஐந்து வயது. அவளுக்கு ஜெர்மன்தான் வாயில் வருகிறது. அக்கா வீடியோவில் "அத்தைக்கு ஒரு முத்தா குடு" என்பாள். மகிழ் என் பக்கம் திரும்பி ஜெர்மனில் ஏதோ சொல்வாள்.

"இன்னா சொல்லுது பாப்பா?"

"அத்தை அழகா இருக்காங்களாம்."

உண்மையில் அவள் சொன்னது, இந்த அத்தை ஏன் இவ்வளவு கத்துகிறாள், நான் போகட்டுமா என்பது. இப்படி எத்தனை முறை நடுவில் நின்று மாற்றிச் சொல்லியிருக்கிறேன் என்று எனக்குக் கணக்கில்லை. அக்கா இதுவரை தன் மருமகளோடு பேசியதாக நினைத்துக்கொண்டிருப்பது முக்கால்வாசி என்னோடு பேசியது.

5

மூன்று வருஷத்துக்கு முன், ஒப்பந்தம் முடிய நாலு மாதம் இருந்தபோது, இரண்டு வாரம் ஊருக்குப் போனேன். நான் போய் இறங்கிய மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. முனீஸ்வரன் கோவிலுக்கு எனக்காக அக்கா வேண்டிக்கொண்டிருந்தாள். அதற்காக ஒரு கிடாயை வாங்கி வந்திருந்தார்கள். அதிகாலையில் அதை எங்கே கட்டுவது என்று பார்த்து, செடியைக் கடித்துவிடாத இடமாக, வேலியைத் திறந்து அந்தக் கம்பத்தில் கட்டினாள். மூன்று மணி நேரம் அது அங்கே நின்றது. நான் தூங்கி எழுந்து பல் விளக்கிக்கொண்டே போய்ப் பார்த்தேன். ஐரோப்பியப் பணத்தில் செய்த கருவி, அதன் காலில் நம்மூர்க் கிடாய், வாயில் கொஞ்சம் முருங்கைத் தழை. சிரிப்பு வந்தது. படம் எடுத்தேன். மத்தியானம் அந்தக் கறியைத்தான் சாப்பிட்டோம்.

திரும்பி வந்த வாரம் நிலையங்களைப் பரிசீலிக்கும் கூட்டம். எங்கள் நிலையம் அதில் வந்தது. தொடர்ந்து கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்று காட்டியது. காரணம் எனக்குத் தெரியாததில்லை. ஓசூர் மேட்டில் இருக்கிறது, கிருஷ்ணகிரி கீழே கிடக்கிறது. நடுவில் பஸ் இறங்கும்போது காது அடைத்துக்கொள்கிற அளவு இறக்கம். எங்கள் கணினிக் கணக்கு பூமியைப் பெரிய கட்டங்களாக வெட்டிப் பார்ப்பதால், அதற்கு அந்த இறக்கம் மொத்தமும் சீரான ஒரு சரிவு. கணக்கில் இருந்த பாகலூர், உண்மைப் பாகலூரைவிடத் தாழ்ந்த இடத்தில் இருந்தது. அங்கே வெப்பம் கூடுதலாகத்தான் தெரியும். கம்பம் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. இதை நான் கூட்டத்தில் விளக்கியிருக்கலாம். இரண்டு வாரம் வேலை செய்து திருத்தக் கணக்கு ஒன்று எழுதவேண்டியிருக்கும். ஒப்பந்த நீட்டிப்புக்குக் கட்டுரை ஒன்றை முடிக்கிற அவசரத்தில் நான் இருந்தேன்.

குழுத் தலைவி கேட்டார், இந்த நிலையத்தைப் பற்றி யாருக்காவது தெரியுமா என்று. நான் பேசாமல் என் கணினியைத் திரையில் இணைத்து, கிடாய் படத்தைப் போட்டேன்.

மேசை முழுக்கச் சிரித்தது. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைவி என் தோளைத் தட்டி "இதைவிடத் தெளிவான தரக்கட்டுப்பாட்டு அறிக்கையை நான் பார்த்ததில்லை" என்றார். அந்த மேசையில் என்னால் எல்லாரும் சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் காது சூடாகிவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

பட்டியலில் சேர்க்கும் படிவத்தில் காரணம் எழுதவேண்டும். நான்தான் எழுதினேன். கம்பத்தில் கால்நடைகள் கட்டப்படுகின்றன, பராமரிப்பு இல்லை. அந்த வாரமும் அக்கா படம் அனுப்பியிருந்தாள், துடைத்த தகட்டை. அது என் போனில் இருந்தது.

ஒப்பந்தம் நீட்டித்தார்கள். அந்தச் சிரிப்பினால் இல்லை, கட்டுரையினால்தான். ஆனாலும் அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது என்னையும் கூப்பிட்டார்கள்.

6

போன வருஷக் காற்றுக்கு வருகிறேன்.

அன்று எனக்கு மதியம் ஒரு மணி, ஊரில் நாலரை. போன் அடித்தது. மாமா. பின்னால் தாள் படபடவென்று அடிக்கிற சத்தம், யாரோ பெண்கள் கத்துகிற சத்தம்.

"மச்சான், போச்சுடா. சானமாவு காட்டுப் பக்கத்துல இருந்து வந்துச்சு. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள தாளத் தூக்கி ரோட்டுக்கு அந்தாண்ட போட்டுருச்சு. கொழாயெல்லாம் மடங்கிக் கெடக்குது."

"அக்கா?"

"இருக்கறா. கையில கீறல். செடிமேலே குந்திக்கினு எழுந்துக்க மாட்டேங்கறா."

பிறகு ஆலங்கட்டி விழுந்தது. மிச்சமிருந்த செடியை அது முடித்தது.

இரண்டு நாள் கழித்து அக்கா கூப்பிட்டாள். நான் மன்னிப்புக் கேட்கத் தயாராக இருந்தேன். கணிப்பு தவறிவிட்டது அக்கா, என்று ஆரம்பிக்கப் போனேன். அவள் முந்திக்கொண்டாள்.

"சீனு, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டாத."

"என்னக்கா?"

"அதுக்கு முந்தின வாரம் கிருஷ்ணகிரிக்கு மாமாவோட தங்கச்சி பொண்ணு கல்யாணத்துக்குப் போயிட்டேன்ல. வந்து பூ வெட்டற வேலையா இருந்துச்சு. கம்பத்துப் பக்கமே போவல. நேத்து ஏறிப் பாத்தேன், புனலுக்குள்ள கொளவி மண்ணு வச்சுக் கூடு கட்டியிருக்குது. இத்தினிக் கூடு. அதான் உனக்குத் தப்பாச் சொல்லியிருக்கும். எம்மேலதான் தப்பு, கண்ணு. நீ இன்னா பண்ணுவ, அது சொன்னதத்தான நீ சொல்லுவ."

அப்போது சொல்லியிருக்கவேண்டும். அந்தக் கம்பம் சொன்னதை எங்கள் கணக்கு இரண்டு வருஷமாகக் கேட்கவே இல்லை என்று. போனைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றேன். கீழே சாலையில் யாரோ சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பரவால்லக்கா, உடு. யாருக்கும் நடக்கறதுதான்" என்றேன்.

அவள் "உனக்கு ஆபீசுல ஒண்ணும் சொல்லலையே?" என்று கேட்டாள். இல்லை என்றேன். நல்லவேளை என்றாள்.

நான் செய்ததற்கு அவளை நான் மன்னித்தேன். இதை எப்படித் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் வேறு மாதிரி ஆகவில்லை.

7

அதற்குப் பிறகு நான் செய்ததையும் எழுதிவிடுகிறேன். அந்த நாளை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். பழைய நாளின் எல்லாத் தரவையும் எடுத்து, எங்கள் நிலையத்தை மட்டும் பட்டியலிலிருந்து விடுவித்து, கணிப்பை முதலிலிருந்து போடுவது. இது எங்களுக்குப் பழக்கமான வேலை. ஐம்பது முறை கொஞ்சம் கொஞ்சம் மாற்றி ஓட்டுவோம். எத்தனை முறை புயற்காற்று வருகிறது என்று பார்ப்போம்.

கம்பம் இல்லாமல் ஓட்டியதில் ஒன்றில்கூட பாகலூர் மேல் காற்று இல்லை. கம்பத்தைச் சேர்த்து ஓட்டியதில் நாலில் வந்தது.

ஐம்பதில் நாலு. எந்த அதிகாரபூர்வ அறிக்கையும் இதற்கு எச்சரிக்கை கொடுக்காது. இன்னொரு நாளை எடுத்து ஓட்டினால் இதே கம்பம் கணிப்பைக் கெடுத்தும் இருக்கலாம். ஒரே ஒரு நாளை வைத்து எதையும் நிரூபிக்கமுடியாது என்று மாணவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிறேன். ஆகவே அறிவியல்படி என் மேல் குற்றம் இல்லை. அறிவியல்படி எனக்கு நிம்மதி கிடைத்திருக்கவேண்டும்.

ஆனால் அன்று காலை அந்த நாலு படம் என் கண்ணில் பட்டிருந்தால் நான் "தைரியமாத் தொறந்து வை" என்று சொல்லியிருக்கமாட்டேன். "வர்றது கஷ்டம்தான், எதுக்கும் ஒரு கண்ணு வச்சுக்கோக்கா" என்றிருப்பேன். அக்காவுக்கு அது போதும். மூன்று மணியிலிருந்து படுதாக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

நிலையத்தைப் பட்டியலிலிருந்து விடுவிக்க விண்ணப்பம் போட்டேன். சேர்க்க ஒரு படிவம், ஒரு கிடாய் படம் போதும். விடுவிக்க மூன்று மாதக் கண்காணிப்பு வேண்டும், இடத்தோடு சம்பந்தமில்லாத ஒருவர் நேரில் பார்த்துக் கொடுத்த சான்று வேண்டும், திட்டப் பொறுப்பாளரின் ஒப்புதல் வேண்டும். அந்தத் திட்டமே முடிந்துவிட்டது. பொறுப்பாளர் வேறு நாட்டுக்குப் போய்விட்டார். என் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்று கணினி இன்றும் காட்டுகிறது.

8

அக்கா மறுபடி பாலிஹவுஸ் போடவில்லை. ஓசூரில் ஒரு கம்பெனியில் வண்டி பாகங்களைப் பெட்டியில் அடுக்கும் வேலைக்குப் போகிறாள். காலையில் கம்பெனி வேன் வருகிறது. மாமா வெறும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். குடித்தால் ஒரே பேச்சு: "கொளவிக் கூட்டப் பாக்காம கல்யாணத்துல கறிச்சோறு தின்னுக்கினு இருந்தவ." இதை அக்கா என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்வாள். முதல் தடவை நானும் சிரித்தேன்.

இந்த வாரம் திங்கட்கிழமை மாமா கூப்பிட்டார். ஒரு கம்பெனி அந்த நிலத்தைக் குடோன் கட்டக் குத்தகைக்குக் கேட்கிறது. முழுசாகக் கொடுத்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். அக்கா கம்பம் இருக்கிற மூலையைத் தரமாட்டேன் என்கிறாள். கம்பத்தைப் பிடுங்க வந்த ஆட்களை அரிவாளைக் காட்டி விரட்டியிருக்கிறாள்.

"நீயே உங்கக்காகிட்டச் சொல்லு மச்சான். இவ மாட்டேன்னா அவன் வேற எடம் பாத்துக்குவான். நான் சொன்னா கேக்கமாட்டா."

புதன்கிழமை அவளுக்குச் சாப்பாட்டு இடைவேளையில் கூப்பிட்டேன். கம்பெனிக் கேண்டீன் சத்தம், தட்டுகள், யாரோ தெலுங்கில் யாரையோ கிண்டல் செய்கிற சத்தம்.

"மாமா சொல்லிட்டாரா? நான் குடுக்கமாட்டேன்டா. எல்லாம் போச்சு, அது ஒண்ணுதான் இருக்குது. உனக்கு அங்க ஓணும்ல. போன வாரங்கூட ஏறித் தொடச்சேன். கொளவி கிளவி ஒண்ணும் இல்ல, சுத்தமா வச்சிருக்கறேன்."

"அக்கா, எனக்கு வேணாம். குடுத்துடு."

"ஏன், ஆபீசுல வேற வச்சுக் குடுத்துட்டாங்களா?"

"இல்லக்கா. அதுல இருந்து வர்றத நாங்க எடுத்துக்கறதில்ல. ரொம்ப நாளா எடுத்துக்கறதில்ல."

"எப்பலேந்து? காத்தடிச்சதுலேந்தா?"

"அதுக்கு முந்தியே. நான் வந்துட்டுப் போனேன்ல, முனீஸ்வரன் கோயிலுக்கு வேண்டுதல் செஞ்சப்ப. நான் இங்க திரும்பி வந்த அந்த வாரமே."

தட்டுச் சத்தம் குறைந்தது. எழுந்து வெளியே வந்திருக்கவேண்டும்.

"மூணு வருசமாவா?"

"ஆமா."

"அப்ப கொளவி?"

"கொளவிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லக்கா. நீ ஒரு தப்பும் பண்ணல."

"யாரு எடுத்தது?"

"நான்தான்."

எதற்கு என்று கேட்டாள். படத்தைப் பற்றிச் சொன்னேன். கூட்டத்தில் சிரித்ததைச் சொல்லவில்லை, பிறகு அதையும் சொன்னேன்.

"எந்த ஆடுடா?"

"எனக்குன்னு வெட்டினது."

"அது ஒருவேளதான்டா கட்டினேன். செடியக் கடிச்சுடும்னு."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சேவா எழுதின?"

கணக்கு ஒத்துப்போகாத காரணம், மேடு பள்ளம், ஒப்பந்தம், எல்லாம் வாய்வரைக்கும் வந்து நின்றது. ஐம்பதில் நாலைச் சொல்லலாமா என்று நினைத்தேன். கம்பத்தைக் கேட்டிருந்தால் காப்பாற்றியிருக்கும் என்றால் நான் கெடுத்தவன். கேட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்றால் அவள் மூன்று வருஷம் ஏணி ஏறியது வீண். இரண்டில் எது அவளுக்குக் கொஞ்சமாவது தேவலை என்று எனக்குத் தெரியவில்லை.

அவளே பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"உங்க மாமா ஒரு வருசமா என்னப் பேசாத பேச்சு இல்ல. நானும் சரிதான்னு கேட்டுக்கினு இருந்தேன். அது போவட்டும். தக்காளிக்காரரு, நானு, எல்லாம் உன்னக் கேட்டுக் கேட்டு இருந்தமே. நம்ம நெலத்தக் கேக்காமயே நம்ம நெலத்துக்கு மழ சொல்லிக்கினு இருந்திருக்கற."

உள்ளே மணி அடித்தது. "லைனுக்குப் போவணும்" என்று வைத்துவிட்டாள்.

9

வியாழக்கிழமை அக்கா முழு நிலத்துக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டதாக மாமா சொன்னார். எப்படிச் சம்மதித்தாள் என்று அவருக்கு ஆச்சரியம். "உம் பேச்சுதான் எடுபடுது, மச்சான்" என்றார். அக்கா அவரிடம் எதையும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நானே சொன்னேன், குளவிக்கும் அன்றைய கணிப்புக்கும் சம்பந்தமில்லை, தப்பு எங்கள் பக்கம் என்று. "சரி, உடு. யாரு தப்போ, போனது போச்சு" என்றார். அவளிடம் அதைச் சொல்வாரா என்று நான் கேட்கவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. அக்கா கூப்பிடுவாளா என்று காலையிலிருந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கமான நேரத்துக்குக் கூப்பிட்டாள். மகிழ் பள்ளிக்குப் போகிறாளா, கவிதாவுக்கு வேலை கிடைத்ததா என்று கேட்டாள். கம்பெனியில் புதிதாக வந்த சூப்பர்வைசர் பெண் நடக்கிற நடையைச் சொல்லிச் சிரித்தாள். புதிதாகக் கோழி வாங்கியிருக்கிறார்களாம், வீட்டுக் கூரை ஓடு இரண்டு உடைந்திருக்கிறதாம், மாமா ஏறி மாற்றப் போகிறாராம். எல்லாம் பேசினாள். முன்பெல்லாம் எதைப் பேச ஆரம்பித்தாலும் நடுவில் வானத்துக்கு வந்துவிடுவாள். இன்று வரவில்லை.

இன்றைய கணிப்புப் படங்களை நான் அவள் கூப்பிடுமுன்பே பார்த்துவைத்திருந்தேன். ஐம்பதில் பாதிக்கு மேல் அவர்கள் பக்கம் காற்று காட்டியது. வருஷக்கணக்கில் இவ்வளவு தெளிவாக நான் பார்த்ததில்லை.

"அக்கா, நாளைக்கி சாயங்காலம் பெருங்காத்து வரும். இந்தத் தடவ நிச்சயமாத் தெரியுது. மாமாவ ஓட்டுமேல ஏற வேணாம்னு சொல்லு."

"ம்" என்றாள். பிறகு, கோபமே இல்லாமல், வேறு யாருக்கோ வழி சொல்வதுபோல, "வந்தாத் தெரிஞ்சுக்கறோம். நீ சாப்ட்டியா?" என்றாள்.